கீழாநெல்லி குடிச்சா காமாலை போகுமா?



நம்ம குழுக்களில் உள்கடன் கேட்டு வருகிற காரணங்களை எழுதிப் பார்த்தால், பிள்ளைகள் படிப்பு, வீட்டு ரிப்பேர், தொழில் செலவு இவற்றோடு "வைத்தியச் செலவு" என்பதும் கட்டாயம் இருக்கும். அந்தப் பணம் எந்த வைத்தியத்துக்குப் போகிறது? அந்த வைத்தியம் உண்மையிலேயே வேலை செய்கிறதா? இதைத் தெரிந்துகொள்வது சேமிப்புக்கும் நல்லது, உயிருக்கும் நல்லது.

அலோபதி, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி, பாட்டி வைத்தியம் என்று பல வழிகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் ஒரே பாடத்தில் பேச முடியாது. அதனால் நம் எல்லோருக்கும் தெரிந்த ஒரே ஒரு செடியை எடுத்துக்கொள்வோம். அதுதான் கீழாநெல்லி. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் நாலு மழை பெய்தால் போதும், வரப்பு ஓரத்திலும் வீட்டுச் சுவர் ஓரத்திலும் தானாக முளைத்து நிற்கும். இலைக்குக் கீழே சின்னச் சின்னக் காய் வரிசையாக இருக்கும். காமாலை என்று சொன்ன உடனே, "கீழாநெல்லியை அரைச்சு மோர்ல கலந்து குடி" என்று யாராவது ஒருத்தர் சொல்லாமல் இருக்க மாட்டாங்க.

இது எவ்வளவு தூரம் உண்மை? வாங்க, படிப்படியாகப் பார்ப்போம்.

1. காமாலை என்பது ஒரே நோய் அல்ல

கண்ணும் தோலும் மஞ்சளாவது ஒரு அடையாளம். காய்ச்சல் பல காரணத்தால் வருவது போல, காமாலையும் பல காரணத்தால் வரும்.

• அசுத்தமான தண்ணீர், உணவு மூலம் வருகிற ஹெபடைடிஸ்-ஏ, ஹெபடைடிஸ்-இ வைரஸ்கள். இவை பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் தானாகவே சரியாகிவிடும்.

• ரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, உடலுறவு மூலமும், பிரசவ நேரத்தில் தாயிடமிருந்து குழந்தைக்கும் பரவுகிற ஹெபடைடிஸ்-பி வைரஸ். பெரியவர்களுக்கு வந்தால் நூற்றுக்குச் சுமார் 95 பேருக்கு உடம்பே அதை விரட்டிவிடும். பிறந்த குழந்தைக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நூற்றுக்குச் சுமார் 90 குழந்தைகளுக்கு அது உடம்பிலேயே தங்கிவிடும். வெளியே ஒன்றும் தெரியாது. பல வருஷம் கழித்து ஈரல் சுருங்குவது, ஈரல் புற்றுநோய் என்று வெளிப்படலாம்.

• பித்தப்பைக் கல் நகர்ந்து பித்தம் போகும் வழியை அடைப்பது.

• குடியால் ஈரல் கெடுவது.

• மழை, வெள்ளக் காலத்தில் வருகிற எலிக்காய்ச்சல். இதற்கு ஆன்டிபயாடிக் மருந்து தேவை.

இத்தனைக்கும் ஒரே மருந்து எப்படிப் போதும்? கல் அடைத்திருந்தால் அந்த அடைப்பை எடுக்க வேண்டும். எந்தச் சாறும் அந்தக் கல்லை நகர்த்தாது. அதனால் முதல் கேள்வி "என்ன மருந்து?" என்பது இல்லை. "என்ன காமாலை?" என்பதுதான்.

2. பத்துப் பேர் கணக்கு

"எங்க வீட்டுக்காரருக்குக் காமாலை வந்துச்சு. கீழாநெல்லி குடிச்சாரு. மூணு வாரத்துல சரியாப் போச்சு. கண்ணால பார்த்ததை எப்படி இல்லைன்னு சொல்றது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மேலத்தெருவில் 10 பேருக்குத் தண்ணீரால் வந்த காமாலை. பத்துப் பேரும் கீழாநெல்லி குடித்தார்கள். ஒரு மாதத்தில் 9 பேருக்குச் சரியாகிவிட்டது. "பத்துக்கு ஒன்பது! எவ்வளவு நல்ல மருந்து!" என்று தோன்றும்.

கீழத்தெருவிலும் 10 பேருக்கு அதே காமாலை. அவர்கள் ஓய்வு எடுத்துக்கொண்டு, சாதாரணச் சாப்பாடு சாப்பிட்டு, காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் குடித்தார்கள். வேறு மருந்து எதுவும் இல்லை. அங்கேயும் 9 பேருக்குச் சரியாகிவிட்டது.

இப்போது என்ன சொல்வீர்கள்? மேலத்தெருவை மட்டும் பார்த்திருந்தால் நமக்கு உண்மை தெரிந்திருக்காது. இது புரிய வைப்பதற்காகப் போட்ட கணக்குத்தான். ஆனால் மருந்தைச் சோதிக்கிற முறையின் உயிர்நாடி இதில் இருக்கிறது. குணமானது வேறு, மருந்தால் குணமானது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டுமானால், மருந்து சாப்பிடாதவர்களோடு ஒப்பிட்டே ஆக வேண்டும்.

3. நம்ம சென்னையிலேயே நடந்த சோதனை

இப்படி ஒப்பிட்டுப் பார்க்கிற வேலையைக் கீழாநெல்லிக்கு முதலில் பெரிய அளவில் செய்தவர்கள் நம்ம ஊர்க்காரர்கள்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் எஸ்.பி. தியாகராஜனும் அவருடைய குழுவினரும் இந்த ஆராய்ச்சியைச் செய்தார்கள். ஹெபடைடிஸ்-பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-ல் நோபல் பரிசு வாங்கிய அமெரிக்க விஞ்ஞானி பரூக் புளும்பெர்க் என்பவரும் அதில் சேர்ந்திருந்தார். முடிவு 1988-ல் உலகப் புகழ் பெற்ற 'லான்செட்' மருத்துவ இதழில் வெளிவந்தது.

ஹெபடைடிஸ்-பி வைரஸ் உடம்பில் தங்கிவிட்ட 78 பேரைச் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குக் கீழாநெல்லிப் பொடி 200 மில்லிகிராம், தினம் மூன்று வேளை, 30 நாள் கொடுத்தார்கள். இன்னொரு பகுதியினருக்குப் பார்க்க மருந்து போலவே இருக்கும், ஆனால் உள்ளே மருந்தே இல்லாத வெறும் மாத்திரை.

ஏன் வெறும் மாத்திரை? மருந்து சாப்பிடுகிறோம் என்ற நம்பிக்கையிலேயே பலருக்குக் கொஞ்சம் தெம்பு வந்துவிடும். அந்தத் தெம்பையும் கழித்துவிட்டுப் பார்த்தால்தான் செடியின் உண்மையான சக்தி தெரியும்.

சிகிச்சை முடிந்து 15 முதல் 20 நாள் கழித்து ரத்தப் பரிசோதனை செய்தார்கள். கீழாநெல்லி சாப்பிட்ட 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் வைரஸின் அடையாளம் மறைந்திருந்தது. அதாவது நூற்றுக்கு 59 பேர். வெறும் மாத்திரை சாப்பிட்ட 23 பேரில் ஒரே ஒருவருக்குத்தான் மறைந்திருந்தது.

பெரிய செய்தி அல்லவா! உலகம் முழுக்க இதைப் பற்றிப் பேசினார்கள். நம்ம வரப்பில் கிடக்கிற செடிக்கு இவ்வளவு மதிப்பா என்று நாமும் பெருமைப்பட்டோம்.

4. அதுக்கு அப்புறம் என்ன ஆச்சு?

ஒரு தடவை வந்த முடிவை அறிவியல் அப்படியே ஏற்றுக்கொள்ளாது. மற்றவர்களும் செய்து பார்த்து அதே முடிவு வர வேண்டும். தாய்லாந்தில் செய்து பார்த்தார்கள். முடிவு 1990-ல் வந்தது. வைரஸ் மறையவில்லை. நியூசிலாந்தில் செய்தார்கள். 1994-ல் வந்த முடிவும் அதேதான்.

இதுபோல் பல நாடுகளில் நடந்த 16 ஆய்வுகளை 2011-ல் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 1,326 நோயாளிகள். கீழாநெல்லி இனச் செடிகள் வெறும் மாத்திரையைவிட நன்மை செய்கின்றன என்பதற்கு நம்பத்தகுந்த ஆதாரம் கிடைக்கவில்லை. வைரஸ் மருந்தோடு சேர்த்துக் கொடுத்த சில ஆய்வுகளில் கொஞ்சம் நன்மை தெரிந்தது. ஆனால் அந்த ஆய்வுகள் சரியான முறையில் நடத்தப்படாததால் அவற்றை நம்பி ஒரு முடிவுக்கு வர முடியவில்லை.

அப்படியானால் சென்னைச் சோதனை பொய்யா? யாரும் அப்படிச் சொல்லவில்லை. அந்த எண்களை இன்னொரு தடவை பாருங்க. சேர்ந்தவர்கள் 78 பேர். கணக்கில் வந்தவர்கள் 37-ம் 23-ம் சேர்த்து 60 பேர். மீதி 18 பேர் கடைசிக் கணக்கில் இல்லை.

இது நமக்கு நன்றாகப் புரியும். ஒரு குழுவில் 20 பேருக்குக் கடன் கொடுத்தோம். கணக்குப் பார்க்கிற அன்றைக்கு வந்தது 15 பேர். வந்த 15 பேரும் தவணையை ஒழுங்காகக் கட்டியிருக்கிறார்கள். "நூற்றுக்கு நூறு வசூல்" என்று தீர்மான நோட்டில் எழுதலாமா? வராத 5 பேர் கதை என்ன என்று ஊக்குநர் கேட்க மாட்டாரா? அதே கேள்விதான் இங்கேயும்.

இன்னும் சில காரணங்களும் இருக்கலாம். கீழாநெல்லியைப் போலவே பல இனச் செடிகள் உண்டு. விளையும் மண், பறிக்கும் பருவம், பொடி செய்யும் முறை இவற்றால் சத்து மாறலாம். சின்ன எண்ணிக்கையில் செய்யும் சோதனையில் தற்செயலாகவும் நல்ல முடிவு வரலாம். அதனால்தான் ஒன்றுக்குப் பல தடவை செய்து பார்க்கிறார்கள்.

5. அப்போ நம்ம மூலிகை எல்லாம் வீணா?

அப்படிச் சொல்லவே முடியாது. சோதித்துப் பார்த்து ஜெயித்த மூலிகைகளும் உண்டு.

சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி மலேரியாவுக்கு மருந்து தேடினார். சுமார் 1,600 வருஷத்துக்கு முந்தைய வைத்தியச் சுவடி ஒன்றில், மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த ஒரு மூலிகையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்க வைக்கச் சொல்லவில்லை. சூடு பட்டால் சத்து அழிந்துவிடுகிறதோ என்று யோசித்தார். குறைந்த சூட்டில் சத்தைப் பிரித்தார். மிருகங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். 1972-ல் நோயாளிகளுக்குக் கொடுக்கும் முன் தானே சாப்பிட்டுப் பார்த்தார். அதுதான் ஆர்ட்டிமிசினின். இன்றைக்கு உலகம் முழுக்க மலேரியாவுக்குக் கொடுக்கிற முக்கியமான மருந்து. 2015-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

நம்ம நாட்டு சர்ப்பகந்தா வேரும் அப்படித்தான். அது ரத்தக் கொதிப்பைக் குறைக்கிறது என்று மும்பை டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் நோயாளிகளிடம் சோதித்து 1949-ல் வெளியிட்டார். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்து பிரிக்கப்பட்டது. பல வருஷம் உலகம் முழுக்கப் பயன்பட்டது. மனச்சோர்வு போன்ற பக்க விளைவுகள் தெரிந்து, வேறு நல்ல மருந்துகளும் வந்த பிறகு அதன் உபயோகம் குறைந்தது.

இதிலிருந்து என்ன தெரிகிறது? பழைய சுவடி ஒரு நல்ல தடயம். தடயத்தைச் சோதித்துப் பார்த்தால்தான் அது மருந்தா இல்லையா என்று தெரியும். சோதனைக்கு சித்தா, அலோபதி என்ற பேதம் கிடையாது. இரண்டுக்கும் ஒரே தராசு.

6. "மூலிகைதானே, கெடுதல் ஒண்ணும் இல்லையே?"

இதுவும் அடிக்கடி கேட்கிற பேச்சு. கொரோனா காலத்தில், 2020-ல், நோய் எதிர்ப்பு சக்திக்காக சீந்தில் கொடியைக் கஷாயம் வைத்துக் குடித்தவர்களில் 6 பேருக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக மும்பை டாக்டர்கள் மறு வருஷம் ஒரு மருத்துவ இதழில் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் அதை ஏற்கவில்லை. ஆனாலும் ஒன்று நிச்சயம். உடம்புக்குள் போய் வேலை செய்கிற எந்தப் பொருளுக்கும், வேண்டாத வேலை செய்யும் சக்தியும் இருக்கலாம். ஏற்கனவே ஈரல் கெட்டிருப்பவர் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

காமாலைக்குக் கையில் சூடு போடுவது, கண்ணில் சாறு விடுவது இவையெல்லாம் வைத்தியமே அல்ல. சூட்டால் புண் வரும், சீழ் பிடிக்கும். கண்ணில் கண்டதை விட்டால் பார்வைக்கே ஆபத்து. உப்பில்லை, எண்ணெய் இல்லை, கஞ்சி மட்டும்தான் என்று கடும் பத்தியம் வைத்து நோயாளியை இன்னும் பலவீனமாக்கவும் வேண்டாம். பசிக்கு ஏற்ற சாதாரண வீட்டுச் சாப்பாடு போதும். சாராயமும், நாமே கடையில் வாங்கிப் போடுகிற வலி மாத்திரையும் மட்டும் கூடவே கூடாது.

7. எங்கே காத்திருக்கக் கூடாது?

கீழாநெல்லிச் சாற்றால் வருகிற கெடுதலைவிட, "மூணு நாள் குடிச்சுப் பார்ப்போம்" என்று காத்திருப்பதால் வருகிற கெடுதல்தான் பெரிது. கீழே சொன்னவர்களுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் வேண்டாம்.

• கர்ப்பிணிகள்: தண்ணீரில் வருகிற ஹெபடைடிஸ்-இ மற்றவர்களுக்குத் தானே சரியாகும். ஆனால் கடைசி மூன்று மாதத்தில் இருக்கும் கர்ப்பிணிகளுக்கு வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேரிடலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கர்ப்பிணிக்குக் கண் மஞ்சளானால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

• பிறந்த குழந்தை: இரண்டு மூன்று நாளில் லேசாக மஞ்சள் தெரிவது சாதாரணம். பிறந்த 24 மணி நேரத்துக்குள் மஞ்சள் வந்தாலும், உள்ளங்கை உள்ளங்கால் வரை பரவினாலும், குழந்தை பால் குடிக்காமல் துவண்டாலும் உடனே டாக்டரிடம் காட்டுங்க. அந்தப் பிஞ்சு வாயில் எந்தச் சாறும் ஊற்ற வேண்டாம். தாய்ப்பால் மட்டும்.

• தூக்க மயக்கம், பேச்சுக் குழறுவது, நிற்காத வாந்தி, ரத்தக் கசிவு, வயிறு வீக்கம் உள்ளவர்கள்.

• கடும் வயிற்று வலி, குளிர் காய்ச்சல், வெளுத்த மலம், உடம்பெல்லாம் அரிப்பு உள்ளவர்கள். இது அடைப்பாக இருக்கலாம்.

• மூன்று வாரம் ஆகியும் மஞ்சள் குறையாதவர்கள்.

அவசரம் என்றால் 108-ஐ அழையுங்கள். ஆலோசனை மட்டும் வேண்டுமென்றால் 104. நமக்குப் பக்கத்தில் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது.

8. நாம் என்ன செய்யலாம்?

முதலில் ரத்தப் பரிசோதனை. ஈரல் எப்படி இருக்கிறது, எந்த வைரஸ் என்று தெரிந்துகொள்ளுங்கள்.

ஹெபடைடிஸ்-பி என்றால் பயப்பட வேண்டாம், மறைக்கவும் வேண்டாம். கூட உட்கார்ந்து சாப்பிடுவதால் பரவாது. 2018-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் ஹெபடைடிஸ்-பி, சி இரண்டுக்கும் பரிசோதனையும் மருந்தும் இலவசம். பி வைரஸை அடக்கி வைக்கும் மாத்திரை உண்டு. அது எல்லோருக்கும் தேவைப்படாது. யாருக்கு வேண்டும் என்று டாக்டர் சொல்வார். "வைரஸை வேரோடு எடுத்துடுவேன், மாத்திரையை நிறுத்து" என்று யார் சொன்னாலும் நிறுத்தாதீர்கள். திடீரென்று நிறுத்தினால் நோய் வேகமாகத் திரும்பலாம்.

சித்த வைத்தியம் பார்க்க விருப்பமா? முறையாகப் படித்துப் பதிவு செய்த சித்த மருத்துவரிடம் போங்கள. நம்ம ஸ்டேஷனில் ரயில் ஏறினால் தாம்பரம் சானடோரியத்தில் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் இருக்கிறது. 2005-ல் திறக்கப்பட்ட மத்திய அரசு நிறுவனம். ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டையும், சாப்பிடுகிற இங்கிலீஷ் மாத்திரைகளையும் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். அதேபோல் மூலிகை சாப்பிடுவதை அலோபதி டாக்டரிடம் மறைக்காதீர்கள். "திட்டுவாங்க" என்று பயந்து மறைத்தால், பாதிப்பு நமக்குத்தான்.

வராமல் தடுப்பது இன்னும் மேல். குடிநீரைக் கொதிக்க வைத்து ஆறவைத்துக் குடிப்பது, சாப்பிடும் முன்னும் கழிப்பறை போய் வந்த பிறகும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது, இந்த இரண்டும் தண்ணீர்க் காமாலையைத் தடுக்கும். ஹெபடைடிஸ்-பி-க்குத் தடுப்பூசி உண்டு. குழந்தை பிறந்த 24 மணி நேரத்துக்குள் முதல் ஊசி. பிறகு 6, 10, 14-வது வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியோடு சேர்த்துப் போடுகிறார்கள். அரசு மருத்துவமனைகளில் இலவசம். கர்ப்ப காலத்திலேயே தாய்க்கு ஹெபடைடிஸ்-பி பரிசோதனை செய்துவிட்டால், பிறக்கும் குழந்தையைக் காப்பாற்றத் தயாராக இருக்கலாம்.

9. எந்த மருந்துக்கும் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

கடன் மனு வந்தால் கேள்வி கேட்டுத்தானே பணம் கொடுக்கிறோம்? மருந்துக்கும் அப்படியே கேளுங்கள். டி.வி. விளம்பர மருந்து, வீடு தேடி வந்து விற்கிற சத்து மாவு, ஆஸ்பத்திரி மாத்திரை எதுவானாலும் சரி.

1) எனக்கு வந்திருப்பது என்ன நோய் என்று பரிசோதித்துத்தான் இதைக் கொடுக்கிறார்களா?

2) இந்த நோய் மருந்து இல்லாமலே சரியாகக்கூடியதா?

3) மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்களா? ஒரு தடவையா, பல தடவையா?

4) இதனால் என்ன கெடுதல் வரலாம்? மற்ற மருந்தை நிறுத்தச் சொல்கிறார்களா?

5) "எல்லா நோய்க்கும் இது ஒண்ணே போதும்" என்று சொல்கிறார்களா? சொன்னால் பர்ஸை மூடுங்கள்.

குழுக் கூட்டத்தில் கலந்து பேச

• நம்ம குழுவில் போன வருஷம் வைத்தியத்துக்காகக் கொடுத்த உள்கடன் எவ்வளவு? அதில் பதிவு பெறாத வைத்தியரிடம் போனது எவ்வளவு?

• நம்ம தெருவில் இப்போது கர்ப்பிணிகள் எத்தனை பேர்? கண் மஞ்சளானால் உடனே போக வேண்டும் என்று அவர்களுக்கும் அவர்கள் மாமியாருக்கும் யார் போய்ச் சொல்வது? இன்றைய கூட்டத்திலேயே இரண்டு பேரைப் பொறுப்பாகப் போடுங்கள்.

• கிராம சுகாதார செவிலியரை அடுத்த கூட்டத்துக்கு அழைத்து, தடுப்பூசி அட்டைகளைச் சரிபார்க்கலாமா?

கூட்டத்துக்கு வராத உறுப்பினர்களுக்கும் இந்தப் பாடத்தைப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் காமாலை என்றால் முதலில் ரத்தப் பரிசோதனை, அதற்குப் பிறகுதான் மருந்து.